புயலில் சேதமடைந்த மரங்களில் எதை வெட்டுவது, எதைக் காப்பாற்றுவது?

கேள்வி:

மூன்று நாட்களுக்கு முன் வீசிய புயலில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள மூன்று மரங்கள் சேதமடைந்துவிட்டன. ஒன்று வேரோடு பெயர்ந்து தரையில் கிடக்கிறது. இரண்டாவதில் ஒரு பெருங்கிளை முறிந்து கூரைக்கு மேலே தொங்குகிறது. மற்ற கிளைகள் நன்றாக இருக்கின்றன. மூன்றாவது, நான் நட்டு இரண்டு ஆண்டுகளே ஆன இளமரம், ஒருபுறமாகச் சாய்ந்துவிட்டது. மூன்றையும் வெட்டிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கோ மனம் வரவில்லை. என்னிடம் கைரம்பமும் சங்கிலி ரம்பமும் உள்ளன. எவற்றை நானே செய்யலாம்?

மறுமொழி 1:

ரம்பத்தை எடுப்பதற்கு முன், கிளைகளுக்கிடையே மின்கம்பி எதுவும் சிக்கியிருக்கிறதா என்று எட்ட நின்றே பாருங்கள். இருந்தால், அதில் மின்சாரம் ஓடுகிறது என்றே கொண்டு, மின்துறையினர் வந்து துண்டிக்கும் வரை அந்த மரத்தின் அருகே யாரும் போக வேண்டாம்.

கூரைக்கு மேலே தொங்கும் கிளையை நீங்கள் தொட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஏணியில் நின்றபடியோ தோளுக்கு மேலே உயர்த்தியோ சங்கிலி ரம்பத்தை இயக்குவது உயிருக்கே ஆபத்தானது. பயிற்சி பெற்றவர்கள் கயிற்றில் கட்டி இறக்கட்டும்.

வேரோடு விழுந்த மரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தரையில் கிடப்பதாலேயே அது அடங்கிவிட்டது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அடிமரத்தை அறுத்தவுடன், அதுவரை மரத்தின் பாரத்தால் தூக்கி நிறுத்தப்பட்டிருந்த தூர், மண்ணோடு சேர்ந்து பழைய குழிக்குள் சட்டென்று விழக்கூடும்; எனவே அந்தக் குழியருகே குழந்தைகளை ஒருபோதும் விடாதீர்கள். தரையில் அழுந்தி வில்லாக வளைந்திருக்கும் கிளைகளில் உட்புறம் நெருக்குண்டும் வெளிப்புறம் இழுபட்டும் இருக்கும். இழுபட்ட பக்கத்தை முதலில் ஆழமாக அறுத்தால் கிளை பிளந்து தெறிக்கும். நெருக்குண்ட பக்கத்திலேயே தொடர்ந்து அறுத்தால் ரம்பம் சிக்கிக்கொள்ளும். ஆகவே நெருக்குண்ட பக்கத்தில் மேலோட்டமாக ஒரு வெட்டு வைத்துவிட்டு, பக்கவாட்டில் விலகி நின்று, மறுபக்கத்திலிருந்து சிறிது சிறிதாக அறுக்க வேண்டும். மெல்லிய கிளைகளுக்குக் கைரம்பமே போதும்.

மறுமொழி 2:

மற்ற இரண்டு மரங்களையும் அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். அடிமரம் பிளவுபடாமல், தலைப்பகுதியில் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும் மரம் பெரும்பாலும் தேறிவிடும். கிளையை இறக்குபவர்களிடம், முறிந்து எஞ்சிய அடிப்பகுதியை மூன்று வெட்டுகளில் நீக்கச் சொல்லுங்கள்: அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஒன்று, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது, எஞ்சிய குட்டைக் கட்டையை நீக்க மூன்றாவது. முதல் வெட்டு இல்லாவிட்டால் கிளை விழும்போது அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். கடைசி வெட்டு, கிளை தொடங்கும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்துக்கு வெளியே அமைய வேண்டும். காயத்தை மூடும் புதுத் திசு அங்கிருந்துதான் வளர்கிறது.

இளமரத்தின் வேர்கள் காய்ந்துவிடுவதற்குள் அதை நிமிர்த்திவிட வேண்டும். வெளியே தெரியும் வேர்களை ஈரத்துணியால் மூடிவைத்து, அடியில் இடம் தோண்டி, மெதுவாக நிமிர்த்தி, மண்ணிட்டு நீர் ஊற்றுங்கள். அகலமான துணிப்பட்டையால் இருபுறமும் முளைகளில் தளர்வாகக் கட்டினால், காற்றில் சிறிது அசைந்து அடிமரம் வலுப்பெறும். ஓராண்டில் கட்டுகளை அவிழ்த்துவிடுங்கள்.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. வெட்டிய இடத்தில் தாரோ சுண்ணாம்போ பூச வேண்டுமா? சமநிலைக்காக மறுபுறக் கிளைகளையும் குறைக்கலாமா?

மறுமொழி 2:

இரண்டும் வேண்டாம். மரம் தன் காயத்தைச் சுற்றித் தானே தடுப்பை எழுப்பிக்கொள்ளும். பூச்சு ஈரத்தை உள்ளே தேக்கி அழுகலுக்குத்தான் உதவும். இழந்த இலைகளுக்கு ஈடாக உணவு தயாரிக்க எஞ்சிய இலைகள் அத்தனையும் மரத்துக்குத் தேவைப்படுவதால், ஆபத்தான கிளைகளைத் தவிர மற்றவற்றை இந்த ஆண்டு அப்படியே விட்டுவிடுங்கள். அடிமரத்தைச் சுற்றி மண்ணில் புது வெடிப்பு தெரிகிறதா என்பதை மட்டும் அவ்வப்போது பாருங்கள். தெரிந்தால் வேர்கள் அறுந்திருக்கலாம், உடனே வல்லுநரை அழையுங்கள்.