மூளையின் கடிகாரமும் செரட்டோனின் வாங்கிகளும்: தெரிந்தவர்கள் உதவுங்கோ

அண்ணாமார், அக்காமார், வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் கேட்ட ஒரு கேள்விக்காக வாசிக்கத் தொடங்கி, இப்போது ஒரு இடத்தில் நிற்கிறேன்.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலமஸில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் சுப்ராகயாஸ்மேட்டிக் நியூக்கிளியஸ் என்ற நரம்புக் கலத் தொகுதிதான் தூக்கம், விழிப்பு போன்ற நாளாந்தத் தாளங்களை நடத்தும் உடலின் தலைமைக் கடிகாரம். விழித்திரையிலிருந்து ஒளிச் செய்தி குளுட்டமேட் என்ற நரம்புச் செய்திப் பொருள் வழியாக அங்கே வருகிறது, மூளைத்தண்டின் ராஃபே பகுதியிலிருந்து செரட்டோனின் என்ற இன்னொரு செய்திப் பொருளும் வருகிறது. விழித்திரை நரம்பு முனைகளில் உள்ள 5-எச்.ரி.1பி வாங்கி (செரட்டோனின் ஒட்டும் புரத வகைகளில் ஒன்று) தூண்டப்பட்டால் குளுட்டமேட் வெளியாவது குறையும், அதனால் இரவு வெளிச்சம் கடிகாரத்தை நகர்த்தும் அளவும் குறையும். இதுவரை சரி, அழகாக விளங்குகிறது.

சிக்கல் பகல் நேர விளைவில்தான். எலியின் மூளைத் துண்டில் செரட்டோனின் வாங்கிகளைத் தூண்டும் 8-ஓ.எச்.டி.பி.ஏ.ரி என்ற மருந்தைப் பகலில் இட்டால் கடிகாரம் முன்னோக்கி நகர்கிறது. முதலில் அதை 5-எச்.ரி.1ஏ என்ற செரட்டோனின் வாங்கியின் வேலை என்றார்கள், 1993-இல் 5-எச்.ரி.7 என்ற இன்னொரு வாங்கி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அதுதான் காரணம் என்ற கருத்து வலுத்தது. அந்த மருந்து இரண்டிலும் ஒட்டுமே, அப்படியென்றால் எந்தப் பரிசோதனையை வைத்து இரண்டையும் பிரித்தார்கள்? உயிருள்ள விலங்கில் அந்த மருந்து ராஃபேயிலுள்ள வாங்கிகளிலும் ஒட்டுமே, அந்தப் பங்கை எப்படி விலக்கினார்கள்?

மருத்துவபீடத்திலோ வெளிநாட்டிலோ நரம்பியல் படிப்பவர்கள் இருந்தால், நல்ல ஆய்வுக் கட்டுரை ஒன்றிரண்டு அனுப்புங்கோ. தமிழில் பெயர் குறித்த வரைபடம் யாரிடமாவது இருந்தால் பெரிய உதவி. பிள்ளைகளுக்கு அரைகுறையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.