அலெக்சிஸைக் கெய்ன் எப்படி அழைக்கிறான்?

ஜப்பானிய மூலத்திலேயே மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) படிப்பவர்கள் யாராவது கை கொடுக்க வேண்டும்.

காவோரி யூகி 1991இல் தொடங்கிய கெய்ன் கதைகளை, அவற்றின் தொடர்ச்சியான ‘காட் சைல்ட்’ எட்டுத் தொகுதிகளோடு சேர்த்து, ஆங்கிலத்தில் முடித்துவிட்டேன். தங்கைக்காகச் சில காட்சிகளைத் தமிழில் எழுதித் தருகிறேன். கெய்னின் தகப்பன் அலெக்சிஸ் ஹார்கிரீவ்ஸிடம் வந்து மாட்டிக்கொண்டேன்.

விக்டோரியா காலத்து லண்டன் பிரபு. பெற்ற பிள்ளைக்கு விவிலியத்தின் முதல் கொலைகாரனுடைய பெயர். அந்தப் பிள்ளையின் முதுகு முழுக்கச் சவுக்குத் தழும்புகள். இந்த மனிதரை மகன் ‘அப்பா’ என்று கூப்பிட்டால் சாயங்காலம் பலகாரம் வாங்கி வருபவர்போல ஒலிக்கிறது. ‘தந்தையே’ என்றால் ராஜா வேடம் போட்ட நாடகம். ‘ஐயா’ என்று எழுதிப் பார்த்தேன். பண்ணையாரும் கூலியாளும் நினைவுக்கு வந்தார்கள், அடித்துவிட்டேன்.

தந்தையை மரியாதையாக அழைக்கும் ஜப்பானியச் சொற்களில் மூலத்தில் இருப்பது ‘சிச்சிஉஏ’வா, ‘ஓதோசாமா’வா? இன்னொரு மகன், மருத்துவர் ஜெசபெல், அவனும் அதே சொல்லைத்தான் சொல்கிறானா? கெய்னுக்குக் கிடைத்தது வெறுப்பு, இவன் ஏங்குவது ஒரு பாராட்டுக்கு. விளியிலும் அந்த வேறுபாடு இருக்குமென்று சந்தேகிக்கிறேன்.

தொகுதி எண்ணோடு சொன்னால் போதும். தமிழுக்குப் பொருந்தும் சொல் தோன்றினாலும் எழுதுங்கள். தங்கை தினமும் கேட்கிறாள்.