கூட்டம் சேர்ந்தால் சத்தம் விட்டு விட்டு வருகிறது, எந்த வயர்லெஸ் இன்-இயர் வாங்கலாம்?

மார்த்தாண்டம் கிட்டார்:
அண்ணன்மாருக்கு வணக்கம். கானமேளா குழு வைத்திருக்கிறோம். பாட்டுக்கு இரண்டு பேர், கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ். சர்ச் திருவிழா, கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷன் எல்லாம் போவோம். மேடையில் எங்கள் பக்கம் திருப்பி வைக்கும் மானிட்டர் பாக்ஸைக் கூட்டினால் மைக் கூவுகிறது. அதனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும் இன்-இயர் செட் (மேடைச் சத்தத்தை வயரில்லாமல் காதுக்குள் இயர்போனில் கேட்க வைப்பது) ஒன்று வாங்கிப் பாடகிக்குக் கொடுத்தோம். சாயந்திரம் சவுண்ட் செக்கில் அருமையாகக் கேட்கும். ராத்திரி கூட்டம் நிறைந்ததும் விட்டு விட்டு வரும். பல்லவி நடுவில் சத்தம் நின்று அவர் தவிப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆறு பேருக்கும் நல்ல செட் எடுக்கலாம் என்று நினைக்கிறோம். எது எடுக்கலாம்?

நாகர்கோவில் சவுண்ட்:
தம்பி, அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். சத்தத்தை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை எங்கே வைக்கிறீர்கள்?

மார்த்தாண்டம் கிட்டார்:
மிக்சர் பக்கத்தில்தான் அண்ணே. பந்தலின் கடைசியில்.

நாகர்கோவில் சவுண்ட்:
கோளாறு அங்கேதான். மனித உடம்பில் பெரும்பாகம் தண்ணீர், 2.4 அலையை அது நன்றாக உறிஞ்சும். சாயந்திரம் நடுவில் காலி நாற்காலி, ராத்திரி அத்தனையிலும் ஆள். போதாததற்கு எல்லார் போனிலும் வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசையில் ஓடும். மிக்சரின் ஆக்ஸ் வெளியீட்டை (பாடகிக்கென்று தனியாக அனுப்பும் சத்தம்) மல்டிகோர் ரிட்டர்ன் (மிக்சரிலிருந்து மேடைக்கு ஓடும் கட்டுக் கேபிளில் மேடைக்குத் திரும்பும் வயர்) வழியாக மேடைக்குக் கொண்டுவந்து, டிரான்ஸ்மிட்டரைப் பாடகியின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தலைக்கு மேல் உயரமாக வையுங்கள். செலவில்லாத வேலை, முதலில் இதைச் செய்து பாருங்கள். அந்த ஆக்ஸ் ஃபேடருக்கு (வெளிச்சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டைக்கு) முந்தையதாக இருக்கட்டும். இல்லையென்றால் வெளிச்சத்தத்தைக் குறைக்கும்போதெல்லாம் காதிலும் குறையும்.

குளச்சல் கீபோர்டு:
ஆறு பேருக்கும் வயர்லெஸ் எதற்கு? நானும் எங்கள் டிரம்மரும் உட்கார்ந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. இடுப்பில் மாட்டும் சின்ன ஹெட்போன் ஆம்ப், அதற்கு ஒரு கேபிள், அவ்வளவுதான். பெஹ்ரிங்கர் பி2 மாதிரி ஒன்று போதும். மிச்சப் பணத்தைக் காதில் சரியாக அடைக்கிற நல்ல இயர்போனில் போடுங்கள். அடைப்பு சரியில்லை என்றால் பேஸ் கேட்காது, ஆள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்.

தக்கலை பேஸ்:
வீட்டில் இருக்கிற புளூடூத் இயர்பட்ஸ் போதாதா?

நாகர்கோவில் சவுண்ட்:
வேண்டவே வேண்டாம். சாதாரண புளூடூத்தில் சத்தம் பத்தில் ஒரு விநாடிக்கும் மேல் பிந்தி வரும். அதை வைத்துக்கொண்டு தாளத்தில் நிற்க முடியாது. மேடைக்கென்று வரும் 2.4 செட்டுகளில் தாமதம் சில மில்லிவிநாடிதான்.

டிரான்ஸ்மிட்டரை மாற்றி வைத்தும் அறுந்தால், பாடகர்கள் இருவருக்கும் யுஎச்எஃப் செட் (2.4-க்குக் கீழே வேறு அலைவரிசையில் ஓடுவது) எடுங்கள். ஷூர், செனைசர் இரண்டு கம்பெனியிலும் இருக்கிறது. ஷூரில் மிக்ஸ்மோட், செனைசரில் ஃபோகஸ் என்று ஒரு வசதி உண்டு. இடது சேனலில் ஒருவர் மிக்ஸ் (அவர் காதுக்கென்று கலந்த சத்தம்), வலதில் மற்றவர் மிக்ஸ் அனுப்பிவிட்டு, அவரவர் இடுப்பில் மாட்டும் ரிசீவர் பேக்கில் பேலன்ஸைத் தன் பக்கம் முழுவதும் திருப்பிக்கொள்ளலாம். ஒரே டிரான்ஸ்மிட்டர், இரண்டு பேக். வாங்கும் மாடலில் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம் கிட்டார்:
திருவனந்தபுரத்தில் பழைய யுஎச்எஃப் செட் ஒன்று மலிவாக வருகிறது. எடுக்கலாமா அண்ணே?

நாகர்கோவில் சவுண்ட்:
பின்னால் எழுதியிருக்கும் அலைவரிசையைப் பாருங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் என்றால் விட்டுவிடுங்கள். 2022 ஏலத்தில் அதை ஜியோ 5ஜிக்கு எடுத்துவிட்டது.

குளச்சல் கீபோர்டு:
பாடகியிடம் இதையும் சொல்லுங்கள். ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடக் கூடாது. மாட்டியிருக்கும் காதில் சத்தத்தைக் கூட்ட வேண்டிவரும், செவிக்குக் கேடு. கூட்டத்தின் சத்தம் வேண்டுமென்றால் மேடை ஓரத்தில் ஒரு மைக் வைத்து மிக்ஸில் கொஞ்சம் கலந்து கொடுங்கள். பேக்கில் லிமிட்டர் (சத்தம் திடீரென்று எகிறாமல் தடுப்பது) இருந்தால் போட்டே வையுங்கள்.

மார்த்தாண்டம் கிட்டார்:
சரி அண்ணே. வரும் ஞாயிறு குலசேகரத்தில் ரிசப்ஷன் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரை மேடைக்கு மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். டிரம்மருக்கும் கீபோர்டுக்கும் கேபிள்தான் என்று முடிவாகிவிட்டது.