புதுப்பிப்பு: பழைய ஹோபி 14, சுக்கான் கனம் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது ஹோபி 14, இரட்டை உடல் கொண்ட சின்னப் பாய்மரப் படகு. என் கேள்வி இதுதான்: காற்று கொஞ்சம் ஏறினாலே டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) கையைப் பிடித்து இழுக்கிறது, படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கிறது, ஏன்?

பாய்மரத்தின் பின்சாய்வைக் குறைக்கச் சொன்னார்கள். முதலில் அதைச் செய்தேன், லேசான மாற்றம்தான். உண்மையில் வேலை செய்தது, சுக்கான் பலகையைப் பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனை. பலகையைத் தாங்கும் போல்ட் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. கரையில் பலகை நேராகத்தான் நின்றது. வேகம் எடுத்ததும் தண்ணீர் அதன் நுனியைப் பின்னுக்குத் தள்ளிவிடும். சுக்கான் எந்த அச்சில் திரும்புகிறதோ அதிலிருந்து நுனி பின்னால் விலக விலக, அழுத்தம் முழுக்கக் கையில்தான் இறங்கும். துளையை எப்பாக்ஸியால் அடைத்து, நுனி ஒரு துளி முன்னால் வரும்படி புதிதாகத் துளையிட்டேன். இப்போது இரண்டு விரலால் பிடிக்கலாம். ரொம்பவும் முன்னால் தள்ளிவிடாதீர்கள், அப்புறம் படகு நிலையில்லாமல் அலையும்.

எதிர்பாராத லாபம் ஒன்று: காற்றுக்கு எதிரே திரும்பும்போது பாதியில் நின்றுபோவதும் குறைந்துவிட்டது. ஹோபி ஆல்ட்டர் 1960களின் பிற்பகுதியில் இந்தப் படகைக் கடற்கரையிலிருந்தே இறக்க வசதியாக, நடுப்பலகை (படகு பக்கவாட்டில் நழுவாதிருக்க அடியில் தண்ணீருக்குள் நீட்டும் பலகை) இல்லாமல் வடிவமைத்தார். வெளிப்பக்கம் தட்டையாகவும் உட்பக்கம் வளைந்தும் இருக்கும் அந்த இரண்டு உடல்கள்தான் பக்கவாட்டு நழுவலைத் தடுக்கின்றன. ஆனால் அதே உடல்கள் சட்டென்று திரும்பாது. முன்பாய் கிடையாது, எடையும் குறைவு, அதனால் சுக்கானை வெடுக்கென்று திருப்பினால் அது பிரேக் போலாகி வேகம் செத்துவிடும். டில்லர் இலகுவானதால் இப்போது நிதானமாகத் திருப்ப முடிகிறது.