புதுப்பிப்பு: காசிமேட்டில் அண்ணனின் படகு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், அண்ணனின் விசைப்படகு எஞ்சின் பழுதாகிக் கடனில் தவிக்கிறோம், ஜெபியுங்கள் என்று எழுதியிருந்தேன். ஜெபித்த அனைவருக்கும் நன்றி. எஞ்சின் இன்னும் சரியாகவில்லை. அண்ணன் இப்போது வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறார். சொந்தப் படகு வைத்திருந்தவருக்கு அது எவ்வளவு வலி என்பது காசிமேட்டுக்காரர்களுக்குத் தெரியும்.

"கர்த்தர் நடத்துகிறார் என்றால் ஏன் இந்தத் தடை?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தைப் படியுங்கள், அக்கா. ஆசியா என்ற ரோம மாகாணத்தில் தேவ வசனம் சொல்ல அப்போஸ்தலன் பவுலுக்குத் தடை. பித்தினியாவுக்குப் போகவும் ஆவியானவர் விடவில்லை. துரோவாவில் தரிசனம் கண்டு, மக்கெதோனியாவுக்குக் கப்பலேறினார். வழிகாட்டியவர் தேவன்தான். ஆனாலும் அங்கே பிலிப்பி பட்டணத்தில் அவருக்கும் உடன் ஊழியர் சீலாவுக்கும் கிடைத்தது அடியும் சிறையும் கால்களை மாட்டி வைக்கும் தொழுமரமும்! நள்ளிரவில் அங்கேதான் பாடினார்கள். கஷ்டம் வந்ததாலேயே வழி தவறிவிட்டாய் என்று தயவுசெய்து யாரும் அண்ணனிடம் சொல்லாதீர்கள்.

நேற்று மாலை வலையை மடியில் போட்டு, கிழிந்த கண்ணிகளை ஊசியால் கோத்தபடியே வாய்விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார். அண்ணி நூல் எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை கடன் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கப் போகிறோம். அதற்காக ஜெபியுங்கள்.