பழைய 123 பென்ஸ்: ஆட்டோ கியர்பாக்ஸையே மாற்றுவதா, மேனுவலுக்குத் தாவுவதா?

கோவை_டீசல் (சனி, காலை 9.10)
அப்பா 1991-ல் எஸ்.டி.சி. (அரசு வர்த்தகக் கழகம்) ஏலத்தில் எடுத்த மெர்சிடிஸ் 300டி, 123 வரிசை டீசல் கார். 1984 மாடல், ஏதோ தூதரகத்தில் ஓடிய வண்டி. ஆறு மாதமாக ஆட்டோ கியர் படுத்துகிறது. காலையில் 'டி'யில் போட்டால் நாலு நொடி யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. ரெண்டிலிருந்து மூணுக்குப் போகும்போது எஞ்சின் சும்மா கத்துகிறது, அப்புறம் முதுகில் உதைத்த மாதிரி 'டம்'மென்று விழுகிறது. மாதம் அரை லிட்டர் கியர் ஆயில் ஊற்றுகிறேன். வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. பட்டறையில் 'பாக்ஸ் போச்சு சார், வேறு பாக்ஸ் வரவழைத்து மாட்ட ரெண்டேகால் லட்சம்' என்கிறார்கள். இன்னொரு மெக்கானிக் நாலு கியர் மேனுவல் போட்டுவிடச் சொல்கிறார். எதைச் செய்வது?

மூணாவது_பெடல் (சனி, 9.42)
மேனுவல். யோசிக்கவே வேண்டாம். கிட்டத்தட்ட ஒன்றரை டன் வண்டியை 88 குதிரைத்திறன் இழுக்கிறது, அதிலும் பாதியை டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாக ஆட்டோ பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) குடித்துவிடும். சிக்னலில் ஆட்டோக்காரர் முந்திப் போவார். என் 240டி-யில் (அதே வரிசையின் நாலு சிலிண்டர் வண்டி) மாற்றி ஆறு வருடம் ஆகிறது. 240டி-யின் மேனுவல் பாக்ஸ் உங்கள் ஐந்து சிலிண்டர் எஞ்சினிலும் நேராகப் பொருந்தும்.

பழைய_நட்சத்திரம் (சனி, 10.15)
பாதியைக் குடிக்கும் என்பது மிகை, அண்ணா. கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான். நாலாவது கியர் இரண்டு பாக்ஸிலும் ஒன்றுக்கு ஒன்றுதான். மேனுவலுக்கு மாற்றினாலும் ஹைவேயில் அவர் எஞ்சின் கிட்டத்தட்ட இப்போது சுற்றும் அளவுதான் சுற்றும். ஐந்து கியர் பாக்ஸ் கிடைத்தால் பேசலாம், அது இங்கே எங்கே கிடைக்கிறது?

அப்புறம், 'பொருந்தும்' என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்களே. பெடல் செட், க்ளட்ச் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், ஃப்ளைவீல், கிராங்க் முனையில் பைலட் பேரிங், நீளம் வேறான ப்ரொபெல்லர் ஷாஃப்ட், பின்பக்கம் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம். இவ்வளவும் சேர்ந்தால்தான் 'பொருந்தும்'. உங்கள் வண்டி முதல் மூன்று மாதம் நடுங்கிய கதையையும் சொல்லுங்கள்.

மூணாவது_பெடல் (சனி, 10.58)
சொல்கிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது? சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் ஃப்ளைவீல் கிடைத்த சந்தோஷத்தில் அப்படியே மாட்டிவிட்டேன். ஐடிலில் நின்றால் டேஷ்போர்டில் வைத்த சாவிக்கொத்து நகர்ந்து கீழே விழும். இந்த எஞ்சின்களில் ஃப்ளைவீலை அந்தந்த கிராங்குக்குத் தனித்தனியாக பேலன்ஸ் செய்திருப்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. திரும்ப எல்லாவற்றையும் இறக்கி, பழைய ஃப்ளெக்ஸ் பிளேட்டையும் (ஆட்டோ பாக்ஸ் வண்டியில் ஃப்ளைவீலுக்குப் பதில் இருக்கும் தட்டு) ஃப்ளைவீலையும் ஒன்றாக பேலன்சிங் பட்டறைக்குக் கொண்டுபோய், இதன் எடை எங்கே கூடுதலோ அதிலும் அங்கேயே வருகிற மாதிரி துளை போட்டு வாங்கினேன். இரண்டாவது முறை கூலி தண்டம். அதனால்தான் சொல்கிறேன், நான் செய்த தப்பை அவர் செய்யத் தேவையில்லை.

பழைய_நட்சத்திரம் (சனி, 11.20)
2034-ல் அந்த வண்டிக்கு 50 வயது. 2021-ல் வந்த விண்டேஜ் விதிப்படி பதிவு செய்ய வேண்டுமானால் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது பெடலை எங்கே ஒளித்து வைப்பீர்கள்?

மூணாவது_பெடல் (சனி, 11.31)
விதியை முழுசாகப் படியுங்கள் தம்பி. பெரிய மாற்றம் என்று அதில் சொல்லியிருப்பது சேஸிஸ், பாடி, எஞ்சின். கியர்பாக்ஸ் என்ற சொல்லே கிடையாது. அதோடு இந்த மாடலுக்கு மேனுவல் கம்பெனியே போட்டுக் கொடுத்ததுதான். லாரி பாக்ஸா மாட்டச் சொன்னேன்?

ஈப்போ_ஹாப்கட் (சனி, மதியம் 1.05)
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் சட்டத்துக்குப் போய்விட்டீர்கள், ஆயில் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லையே? கீழே சொட்டு இல்லை, ஆனால் மாதம் அரை லிட்டர் காணாமல் போகிறது.

கோவை சார், மூன்று கேள்வி. சாவியை அணைத்ததும் எஞ்சின் உடனே நிற்கிறதா (இந்த டீசலை நிறுத்துவதும் வேக்யூம்தான்)? எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருக்கிறதா? பாக்ஸின் பக்கவாட்டில் உருண்டையாக ஒரு சின்ன டப்பா இருக்கும், அதுதான் மாடுலேட்டர், எஞ்சின் வேக்யூமைப் பார்த்துப் பாக்ஸின் ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது. அதற்குள் போகும் வேக்யூம் குழாயைப் பிடுங்கினால் உள்ளே சிவப்பாக ஆயில் வருகிறதா? வந்தால் டப்பாவின் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துவிட்டது. எஞ்சினின் வேக்யூம் பம்ப் கியர் ஆயிலை உறிஞ்சி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வேக்யூம் சரியாகக் கிடைக்காததால் பாக்ஸில் அழுத்தம் கூடி 'டம்', ஆயில் குறைந்ததால் வழுக்கல்.

மூணாவது_பெடல் (சனி, 1.40)
இருக்கலாம். ஆனால் ஆறு மாதம் குறைந்த ஆயிலில் வழுக்கி ஓடியிருக்கிறது. உள்ளே க்ளட்ச் பிளேட்டுகள் கருகியிருக்கும். டப்பாவை மாற்றினால் தீபாவளி வரைக்கும் ஓடும், அப்புறம் அதே ரெண்டேகால் லட்சம்.

பழைய_நட்சத்திரம் (சனி, 1.52)
அதைத் தெரிந்துகொள்ளப் பாக்ஸைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கீழ்த் தட்டைக் கழற்றிப் பாருங்கள். மை மாதிரி நைசான தூள் இருந்தால் வயதுக்குச் சரி. மினுமினுப்பாக உலோகச் செதில் இருந்தாலோ ஆயிலில் தீய்ந்த வாடை வந்தாலோ அண்ணா சொல்வதுதான். ஒரு நாள் ரிவர்ஸ் மட்டும் வேலை செய்து முன்னால் நகரவே மறுத்தால்கூடப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் உள்ளே பி2 பிஸ்டன் (கியர் பிடிக்க ஒரு பட்டையை இறுக்கும் பாகம்) உடைந்திருக்கும். அதையும் பாக்ஸை இறக்காமலே மாற்றலாம்.

கோவை_டீசல் (சனி, இரவு 8.30)
சாவியை அணைத்த பிறகும் இரண்டு மூன்று நொடி ஓடித்தான் நிற்கிறது. வயசான வண்டி, அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். குழாயை நாளை பிடுங்குகிறேன்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: வண்டியை ஓட்டுவது அப்பா. வயது 76, இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

மூணாவது_பெடல் (சனி, 8.36)
இதை முதல் வரியில் சொல்லியிருந்தால் நான் வாயையே திறந்திருக்க மாட்டேன்.

கோவை_டீசல் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு)
குழாயைப் பிடுங்கியதும் ரூஹ் அப்சா சர்பத் மாதிரி சிவப்பாகக் கையெல்லாம் வழிந்தது. ஈப்போ அண்ணன் சொன்ன கடையிலிருந்து மாடுலேட்டர் வந்தது. ஒரு மணி நேர வேலை. தட்டில் நைசான தூள்தான், செதில் இல்லை. ஆயிலை மாற்றும்போது கன்வர்ட்டரிலும் ஒரு வடிகால் போல்ட் இருப்பதைக் கண்டுபிடித்தோம். எஞ்சினைக் கையால் சுற்றச் சுற்ற அது பாக்ஸ் உறையில் இருக்கும் சன்னலுக்கு நேரே வந்து நின்றது. இத்தனை வருடமாக யாருமே அதைத் திறந்ததில்லை போல, அதிலிருந்து வந்தது டிகாக்‌ஷன் நிறம்.

இப்போது 'டி' போட்டதும் பிடிக்கிறது, உதை இல்லை. நேற்று அப்பா பொள்ளாச்சி வரை போய் வந்தார். ஆனால் நன்றாகச் சூடானபின் மெதுவாக அழுத்தினால் ரெண்டு மூணுக்கு நடுவில் லேசாக ஒரு கத்தல் இன்னும் இருக்கிறது.

மூணாவது_பெடல் (ஞாயிறு)
அது பிளேட் தேய்மானம். நான் சொன்னதில் பாதியாவது சரிதானே?

பழைய_நட்சத்திரம் (ஞாயிறு)
கால்வாசி. இந்தப் பாக்ஸ்களில் கே1 (மூணாவது கியருக்குப் பிடிக்கும் க்ளட்ச்) ஸ்பிரிங் கிட் மாற்றியே அந்தக் கத்தலைப் பலர் தீர்த்திருக்கிறார்கள். அதுவும் பாக்ஸை இறக்காமல். அதற்கு முன் மாடுலேட்டர் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். மூடிக்கு அடியில் திருகு இருக்கிறது, ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

ஈப்போ_ஹாப்கட் (ஞாயிறு)
எல்லாம் சரி, எஞ்சின் ஆயிலை மாற்றினீர்களா? ஆறு மாதமாகக் கியர் ஆயிலைக் குடித்த எஞ்சின் அது.

கோவை_டீசல் (ஞாயிறு)
அய்யோ. மாற்றவில்லை. டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்கிறது. அப்பா வாக்கிங் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் சாவியை எடுத்து ஒளித்து வைக்கிறேன்.