14 மாதத்தில் 4,200 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டுமா?

மேடவாக்கம் வாசுகி:

எங்களுடையது 2019 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல். கணவர் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவதால் வண்டி முழுக்க என் கையில்தான். காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவர நான்கு கி.மீ. போக, நான்கு கி.மீ. வர. சாயங்காலமும் அதேதான். பெல் அடிக்கும் வரை கேட் அருகே ஏ.சி. போட்டுக்கொண்டு கால் மணி நேரம் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட், எப்போதாவது தாம்பரத்தில் அம்மா வீடு. ஊருக்கெல்லாம் ரயிலில்தான் போகிறோம்.

கடைசியாக ஆயில் மாற்றி 14 மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு ஓடியது 4,200 கி.மீ. சர்வீஸ் புத்தகத்தில் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்று இருக்கிறது. பக்கத்துத் தெரு மெக்கானிக் 5,000-க்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார். கொழுந்தனாரோ, சிந்தெடிக் ஆயில்தானே, 15,000 வரை கவலையே வேண்டாம் என்கிறார். நேற்று டிப் ஸ்டிக் எடுத்துப் பார்த்தேன். ஆயில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை, மேல் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கிறது. பாதிகூட ஓடாத ஆயிலைக் கீழே கொட்ட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

சேலம் டாக்ஸி:

அக்கா, நான் 1.3 டீசல் டிசையர் ஓட்டுகிறேன். பெரும்பாலும் பெங்களூரு, கோவை டிரிப்தான். எனக்கு 10,000 கி.மீ. இரண்டு மாதத்தில் ஓடிவிடும். ஓடியதும் ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றிவிடுவேன். வண்டி மூன்றரை லட்சம் கி.மீ. தாண்டிவிட்டது, இன்ஜினை இதுவரை இறக்கவில்லை. உங்களுக்கு இன்னும் 5,800 பாக்கி இருக்கிறதே, அவசரம் இல்லை என்று நினைக்கிறேன்.

கோவை பட்டறை:

அம்மணி, மாற்றிவிடுங்க. இந்த வாரமே.

சேலம் தம்பி சொன்னது அவர் வண்டிக்கு முழுக்கச் சரி. ஆனால் அந்த வண்டி ஓடுகிற ஓட்டம் வேறு, உங்க வண்டி ஓடுகிற ஓட்டம் வேறு. நான் 31 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆயில் மாற்றாமல் கெட்டுப்போய் என்னிடம் வந்த இன்ஜின்களில் நிறைய ஓடிய வண்டியைவிட ஓடாத வண்டிதான் அதிகம்.

காரணம் இதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து சொட்டுகிறதே, அதுதான். பெரும்பகுதி ஆவியாக அப்படி வெளியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். இன்ஜின் சூடாகும் வரை பெட்ரோலும் தேவைக்கு அதிகமாகத்தான் போகும், அதிலும் எரியாத கொஞ்சம் ஆயிலில் சேரும். வண்டி அரை மணி, ஒரு மணி நேரம் நல்ல வேகத்தில் ஓடினால் ஆயில் சூடேறி இவையெல்லாம் ஆவியாகிவிடும். நான்கு கி.மீ.யில் அது நடக்காது. மீட்டரில் சூடு காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரைத்தான். அது ஐந்து நிமிடத்தில் ஏறிவிடும், கீழே சம்ப்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டியில் இருக்கிற ஆயில் சூடாக அதைவிட நிறைய நேரம் ஆகும். அது சூடாகிறதுக்குள் நீங்க வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பிவிடுகிறீங்க. மறுநாளும் அதேதான்.

இப்போது நீங்க எழுதியதில் எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். ஆயில் மேல் கோட்டுக்கு மேலே நிற்கிறது என்றீங்க. 14 மாதத்தில் ஆயில் தானாக ஏறாது. போன தடவை அளவுக்கு அதிகமாக ஊற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் கலந்திருக்க வேண்டும். சமமான தரையில் வண்டியை நிறுத்தி, அணைத்து ஐந்து பத்து நிமிடம் விட்டு, ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுங்க. ஒரு சொட்டு விரலில் வைத்து முகர்ந்து பாருங்க. அப்புறம் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்க. குன்னூர், கோத்தகிரியிலிருந்து மழைக்காலத்தில் வருகிற வண்டிகளில் அங்கே வெண்ணெய் மாதிரி மஞ்சளாகப் படிந்திருக்கும். சென்னை வெயிலுக்கு அவ்வளவு வராது, ஆனால் சின்னச் சின்ன ஓட்டமே ஓடுகிற வண்டியில் அங்கேயும் வரும்.

இன்னொன்று. ஸ்பீடோமீட்டர் டிஸ்ப்ளேயில் சராசரி வேகம் காட்டினால் பாருங்க. நகரத்தில் மணிக்கு 16 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 4,200 கி.மீ.க்கு இன்ஜின் 262 மணி நேரம் ஓடியிருக்கிறது. சேலம் தம்பி ஹைவேயில் மணிக்கு 60-ல் போனால் 10,000 கி.மீ.யை 167 மணி நேரத்தில் முடித்துவிடுவார். பள்ளி வாசலில் ஏ.சி. போட்டு நிற்கும்போது கிலோமீட்டர் ஓடுவதில்லை, இன்ஜின் ஓடுகிறது. அவருடைய ஆயிலைவிட உங்க ஆயில் அதிக நேரம் உழைத்திருக்கிறது.

சர்வீஸ் புத்தகத்தில் 'அல்லது' என்ற சொல்லை யாரும் படிப்பதில்லை. 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. உங்களுக்கு அது இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. சில பக்கம் தள்ளி, கடினமான ஓட்டத்துக்கென்று தனி அட்டவணை இருக்கும். தூசு ரோடு, தொடர்ந்து சின்னத் தூரம் ஓடுவது எல்லாம் அதில் வரும், அதற்குக் கெடு குறைவு. உங்க ஓட்டத்துக்கு ஆறு மாதம் அல்லது 5,000 கி.மீ. என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2012-ல் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வண்டி கொண்டுவந்தார். கோவில், வங்கி, ரேஷன் கடை, அவ்வளவுதான் ஓட்டம். வருடத்துக்கு 2,000 கி.மீ. தாண்டாது. 'ஆயில் மாற்றணுமா தம்பி' என்று கேட்டார். மீட்டரைப் பார்த்துவிட்டு, 'இன்னும் ஓடட்டுங்க ஐயா, 10,000 ஆகட்டும்' என்று அனுப்பிவைத்தேன். மூன்று வருடம் கழித்து இன்ஜினில் தடதடவென்று சத்தத்தோடு வந்தார். அந்தத் தொட்டியைக் கழற்றினால், அடியில் விரல் கனத்துக்குக் கருப்புக் கசடு. ஸ்பூனால் வழித்தெடுத்தேன். பம்ப்புக்கு ஆயில் இழுக்கிற சல்லடையில் முக்கால்வாசி அடைத்திருந்தது. ஆயில் ஏறாமல் கிராங்க் பேரிங் தேய்ந்து உள்ளே செம்பு நிறம் தெரிந்தது. கேட்ட கேள்விக்குத் தவறான பதில் சொன்னவன் நான். லேபர் வாங்கவில்லை, ஆனால் உதிரிபாகச் செலவை அவர்தான் பென்ஷன் பணத்திலிருந்து கொடுத்தார். அன்றிலிருந்து ஆயில் மாற்றுகிற ஒவ்வொரு வண்டியிலும் தேதி, கி.மீ. இரண்டையும் ஒரு அட்டையில் எழுதி பானெட்டுக்குள் கம்பியில் கட்டிவிடுகிறேன். தேதியைத்தான் மேலே எழுதுவேன்.

திருச்சி டீசல்:

அண்ணே, நடுவில் ஒரு சந்தேகம். என் டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய மூன்றாம் நாளே கருப்பாகிவிடுகிறது. ஏமாற்றிப் பழைய ஆயிலை ஊற்றிவிட்டார்களோ?

கோவை பட்டறை:

இல்லைங்க. டீசலில் கரி அதிகம், புது ஆயில் அதைக் கழுவித் தனக்குள் வைத்துக்கொள்கிறது. கருப்பாவது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். நிறத்தை வைத்து மாற்றவும் வேண்டாம், மாற்றாமல் விடவும் வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசலாக, டி.பி.எஃப். (புகையில் வருகிற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) உள்ளதாக இருந்தால், அதற்கென்று சாம்பல் குறைவான ஆயில் மேனுவலில் போட்டிருக்கும். அதைத்தான் ஊற்றணும், இல்லையென்றால் அந்த ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

மேடவாக்கம் வாசுகி:

அண்ணா, நீங்கள் சொன்னபடி காலையில் பார்த்தேன். விரலில் பெட்ரோல் வாசனை நன்றாகவே அடிக்கிறது. மூடியின் உட்புறம் ஒரு ஓரத்தில் காபி நுரை மாதிரி படிந்திருக்கிறது. பயமாகிவிட்டது. சிந்தெடிக் போட்டும் இப்படியா? ஃப்ளஷ் போட்டுக் கழுவச் சொல்லவா?

கோவை பட்டறை:

பயப்படாதீங்க, நேரத்தில் பார்த்துவிட்டீங்க. ரேடியேட்டர் பக்கத்து டப்பாவில் கூலன்ட் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்க. குறையாமல் இருந்து, ஸ்டிக்கில் நுரை இல்லாமல் மூடியில் மட்டும் இருந்தால் அது ஈரம்தான். கூலன்ட் குறைந்திருந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்க, கூலன்ட் ஆயிலில் கலக்காமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.

சிந்தெடிக் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெட்டியாகாது. தண்ணீரும் பெட்ரோலும் கலப்பதை எந்த ஆயிலும் தடுக்காது.

ஃப்ளஷ் வேண்டாம். உள்ளே கசடு இருந்தால் அது மொத்தமாகப் பெயர்ந்து சல்லடையில் போய் உட்காரும். இப்போது ஃபில்டரோடு மாற்றுங்க, 2,000 கி.மீ. ஓடியதும் இன்னொரு தடவை மாற்றுங்க. புது ஆயிலே மெதுவாகக் கழுவிக்கொள்ளும். மேனுவலில் போட்ட கிரேடு மட்டும் ஊற்றச் சொல்லுங்க. 'வெயில் ஊர், கெட்டியாக ஊற்றலாம்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்க. மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். கேனை உங்க கண் முன்னால் சீல் உடைக்கணும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்க, சின்னச் செலவுதான், பழையதைப் போட்டால் கசியும். காலி கேனை அங்கேயே ஓட்டை போட்டுவிட்டு வாங்க, மறுபடி யாரும் போலி ஆயில் நிரப்பக்கூடாது.

மேடவாக்கம் வாசுகி:

கூலன்ட் சரியாக இருக்கிறது அண்ணா. இன்று மதியம் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடமே மாற்றிவிட்டேன், பக்கத்திலேயே நின்று பார்த்தேன். போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் தண்ணீர் மாதிரி மெல்லிசாக ஊற்றியது, அவரே முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அட்டை எழுதிக் கட்டச் சொன்னேன், தேதி மேலே. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் பதில் மகளைக் கூட்டிக்கொண்டு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்வரலாம் என்று இருக்கிறோம். ஒரு மணி நேரம் ஓடினால் போதும்தானே?

கோவை பட்டறை:

தாராளமாகப் போதும். மாதம் இரண்டு தடவை போய்வாங்க. பள்ளி வாசலில் நிற்கும்போது முடிந்தவரை இன்ஜினை அணைத்துவிடுங்க.